பச்சை

பிப்ரவரி 3
இன்றும் பச்சை நிற்கவில்லை.

பிப்ரவரி 4
ராத்திரி அப்பத்தாவுக்கு மறுபடியும் மூச்சிரைப்பு. தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்த பிறகுதான் கண்ணயர்ந்தார். விடிந்ததும் நேராக லேப். ஐபிடிஜி என்ற ரசாயனத்தை ஊற்றினால் பச்சையை அடக்கிவைத்திருக்கும் லாக்-ஐ புரதம் விலகிக்கொள்கிறது, பாக்டீரியா செல் பச்சையாகிறது, அதுவரை சரி. ஐபிடிஜியைக் கழுவி எடுத்த பிறகும் பச்சையாகவே இருக்கவேண்டும், அதுதானே இந்த ஸ்விட்சின் உயிர்! 2000-இலேயே கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் மூவரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் காட்டிவிட்டார்கள்: ஒன்றையொன்று அடக்கும் இரண்டு ஜீன்கள், அவ்வளவுதான். என்னுடையதும் தனியாக இருந்தவரை நின்றது. இரண்டாவது ஜீன் சர்க்யூட்டை அதே செல்லுக்குள் விட்ட நாளிலிருந்து ஆறு மணி நேரத்தில் மங்கிவிடுகிறது.

பிப்ரவரி 5
கஞ்சி அரை டம்ளர். பழனிக்குக் காவடி கிளம்பிவிட்டது, இந்த வருஷம் அப்பச்சி போகவில்லை.

பிப்ரவரி 7
தூக்கம் வராமல் வளவு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. நான் வரைந்த படத்தில் இரண்டு சர்க்யூட்டுக்கும் நடுவே ஒரு கோடுகூடக் கிடையாது. ஆனால் புரதம் கட்டும் ரைபோசோம் இரண்டுக்கும் பொது. இந்த வீட்டில் ஐந்து புள்ளி, அதாவது ஐந்து குடும்பம், ஐந்து அடுப்பு, யார் கணக்கிலும் யாரும் தலையிடுவதில்லை, ஆனாலும் முன்னோர் படைப்புக்கு எல்லாரும் வந்து கூடினால் கிணற்றில் அடிமண் தெரிந்துவிடும். இரண்டாவது சர்க்யூட் புரதத்தைக் கொட்டக் கொட்ட என் ஸ்விட்சின் மறுபாதிப் புரதமான டெட்-ஆர் குறைகிறது, அது குறைந்தால் லாக்-ஐயை அடக்க ஆளில்லை, பச்சை போச்சு. 2016-இல் செல்லோ என்ற மென்பொருளை வைத்து 60 சர்க்யூட் கட்டினார்கள், 45 எல்லா நிலையிலும் சொன்னபடி நடந்தன. பெரிய சாதனை. எனக்கு அந்த மீதி 15 மேலேயே கண்.

பிப்ரவரி 8
"உன் விளக்கு நின்னு எரிஞ்சுச்சா ஆத்தா?"
இன்னும் இல்லை அப்பத்தா.

பிப்ரவரி 9
இரண்டாவது சர்க்யூட்டுக்கு ரைபோசோம் ஒட்டும் இடத்தைப் பலவீனமாக்கிய பிளாஸ்மிட் (டி.என்.ஏ வளையம்) ஒன்று ஜனவரியிலேயே கட்டி ஃப்ரீசரில் கிடக்கிறது! ஏன் மறந்தேன்? அதையும் ஸ்விட்சையும் செல்லுக்குள் ஏற்றித் தட்டில் பரப்பி 37 டிகிரியில் வைத்தாயிற்று.

பிப்ரவரி 10
குண்டூசித் தலை அளவில் பதினோரு பாக்டீரியா காலனி. நான்கை எடுத்து ஐபிடிஜியோடு ஷேக்கரில் விட்டேன். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து இறங்கியிருக்கிறது, பட்டாலையில் அதன் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

பிப்ரவரி 11
இரண்டு மணிக்குக் கழுவினேன், மூன்று தடவை, கை நடுங்க. நான்கு மணி: பச்சை. ஆறு மணி: நான்கு டியூபும் பச்சை. ஆறாவது மணி நேர அளவு இரவு எட்டுக்கு. அப்பத்தா இன்னும் தூங்கவில்லையாம், இப்போதுதான் போனில் கேட்டேன்.