விடுதலைப் பத்திரம்

வேலூரில் ஒரு திருச்சபையின் பெண்கள் பணித் துறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். கணக்கு எழுதத்தான் எடுத்தார்கள். ஆறே மாதத்தில் கணக்குப் புத்தகத்தோடு ஸ்டாம்ப் பேட், வருகைப் பதிவேடு, பைபிள் எல்லாம் பையில் ஏறிக்கொண்டன. குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் என்று வாரத்தில் நாலு நாள் பஸ்ஸில்தான் பிழைப்பு. ஆபீஸ் பலகையில் 'பாலின சமத்துவம்' என்று எழுதியிருந்தது. ஊர்ப் பக்கம் அந்தச் சொல்லை ஒருத்தர் வாயிலும் நான் கேட்டதில்லை. "சங்கத்து மேடம் வந்துகீறாங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 8 விழாக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குத்துவிளக்கு, சால்வை, சிறப்புரைக்கு ஓர் ஆண், தக்காளி சாதம். பெண்கள் ஞாயிறு வந்தால் அன்று பெண்களே ஆராதனை நடத்துவார்கள், பிரசங்கமும் செய்வார்கள். அடுத்த ஞாயிறு பழையபடி.

இதே ஊரில்தான் 1918-இல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார், இன்றைய சி.எம்.சி. அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது திண்டிவனத்தில் ஒரே இரவில் நடந்த மூன்று பிரசவச் சாவு என்கிற கதையை இங்கே ஞாயிறு பள்ளிக் குழந்தைகூடச் சொல்லும். ஆண்கள் அங்கே மாணவர்களாகச் சேர்ந்தது 1947-இல்தான். அப்படிப்பட்ட வளாகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு குருசேகர (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளின்) கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு ஆண்கள், இரண்டு பெண்கள். டீ கேன் உள்ளே வந்ததும் அந்த இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, கால் தானாக எழுந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் அவர்கள் கையெழுத்து மாதம் தவறாமல் இருக்கிறது. என்ன பேசினார்கள் என்று ஒரு வரி கிடையாது.

2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனபோது நாங்கள் ஆபீஸில் லட்டு வாங்கிக் கொடுத்தோம். "அது ஆந்திராதானே" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரியவர் இரண்டு எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் 'ஆயரம்மா' என்றால் ஆயருடைய, அதாவது சபைப் போதகருடைய மனைவி. பெண்ணே ஆயராக வந்த சபையிலும் அவர் ஆயரம்மாதான். அவருடைய கணவரை என்னவென்று கூப்பிடுவது என்று சபைக்குத் தெரியவில்லை. கடைசிவரை 'சார்' என்றே சமாளித்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல. குடியாத்தம் தாண்டி ஒரு சிற்றூர். ஆராதனை முடிந்து கோயிலுக்குப் பின்னால் புங்கமர நிழலில் கூட்டம். முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். சிலர் முறத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். நாம் பேசப் பேச இலை வெட்டுவதும் தூள் வைத்துச் சுருட்டுவதும் நிற்காது, ஆனால் காது இங்கேதான் இருக்கும். அன்றைக்குச் சொத்துரிமை வகுப்பு. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தபடி பைபிளில் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்தேன். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் நின்று, அப்பாவின் காணியில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். கர்த்தரும் அவர்கள் கேட்பது நியாயம் என்கிறார். எத்தனையோ ஊரில் சொல்லிக் கைதட்டு வாங்கிய கதை.

முறத்திலிருந்து தலை நிமிராமலே ஓர் அக்கா கேட்டார்: "அதுங்களுக்கு அண்ணன் தம்பி இல்லியே மேடம். அதனாலதானே குடுத்தாங்க? எனுக்கு இருக்கறானே."

வாயடைத்துப் போனேன். சரியாகத்தான் சொல்கிறார். அப்பனுக்கு மகன் இல்லாததால்தான் அந்தப் பங்கே. எத்தனை வகுப்பில் இதைச் சொல்லியிருப்பேன், எனக்கு உறைத்ததேயில்லை.

அன்று ராத்திரி பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யோபு, கடைசி அதிகாரம், 15-ஆம் வசனம். இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்த பிறகு யோபு தன் மூன்று குமாரத்திகளுக்கும் அவர்களுடைய சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று இருக்கிறது. சகோதரர்கள் ஏழு பேர், உயிரோடு இருக்கிறார்கள். நம் பழைய வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் விடுதலை இல்லை, பிதுரார்ஜிதம், பாகம். இங்கே ரிஜிஸ்டர் ஆபீஸில் அக்கா தங்கச்சிகளிடம் அந்தப் பாகத்தை எழுதி வாங்குகிற காகிதத்துக்குப் பெயரோ விடுதலைப் பத்திரம். இந்த இரண்டு சொல்லையும் அடுத்த கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னபோது சுருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. எனக்கு ஞாபகம் இருக்கிற வரை அந்த ஒரு தடவைதான்.

சட்டம் சிக்கலானதில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பார்க்காமல் சரிசமம். திருவிதாங்கூர் கிறிஸ்தவப் பெண்களுக்காக மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் வாங்கிய சம பங்கு நமக்கு முன்னாலேயே சட்டத்தில் இருந்தது. சட்டத்தில் இருந்தது பத்திரத்தில் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் சிலர் கோயிலில் கிறிஸ்தவர், சாதிச் சான்றிதழில் இந்து. மதம் மாறினதாகக் காட்டினால் எஸ்.சி. சலுகை போய்விடும், 1950 ஆணை அப்படி. அவர்களுக்கு எந்தச் சட்டம் என்று கேட்டால் வக்கீலே தலையைச் சொறிந்தார். எப்படிப் பார்த்தாலும் மகளுக்கும் பங்குண்டு என்று மட்டும் சொல்லி முடித்தார்.

"குடும்பத்தைப் பிரிக்கிற வேலை கோயிலுக்கு எதுக்கு?" என்று ஒரு சபையில் கமிட்டிக்காரர்கள் எங்கள் வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். தையல் வகுப்பு நடத்துங்கள், மெஷின்கூட நாங்களே தருகிறோம் என்றார்கள். தந்தார்கள்.

முறத்து அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு போன் செய்தார். "நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் கூப்பிட்டுகீறான். பேப்பரைக் குடுத்துட்டான். நீ வந்து ஒரு தபா படிச்சுக் காட்டும்மா." போனேன். தம்பி வாசலில் பைக்கை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. அக்கா மகளின் காலேஜ் ஃபீஸ் இரண்டு வருஷம் அவர் கட்டியது. நிலம் மொத்தம் தொண்ணூறு சென்ட். அம்மா இருக்கிறார்கள், பிள்ளைகள் இரண்டு பேர். கணக்குப் போட நோட்டே வேண்டாம். முப்பது, முப்பது, முப்பது.

பத்திரத்தைச் சத்தமாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் அம்மாவின் பங்கும் தம்பிக்கே விடுதலை என்று இருந்தது, கைரேகைக்கு இடம் விட்டு. தம்பி பைக்கை விட்டு இறங்கி வந்தார். "அம்மாதும் எழுதிட்டாங்களா? ரைட்டர்தான் எழுதினாரு. நானே படிக்கல மேடம்." பத்திரம் எழுதுகிறவருக்கு அது வழக்கம். அவர் எழுதி எழுதிப் பழகியது அப்படித்தான்.

அன்று யாரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போகவில்லை. ஒரு மாதம் வீட்டுக்குள் இழுபறி. கடைசியில் அம்மா பங்கு அம்மாவிடமே நின்றது. அக்கா கிணற்றோரமாகப் பத்து சென்ட் எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருபது சென்ட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "பொறந்த வூட்டு வாசல் வோணுமில்ல" என்றார். மாத அறிக்கையில் வெற்றிக் கதைகளுக்கு ஒரு கட்டம் உண்டு. முப்பதில் பத்தை அதில் எழுதுவதா என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன், கடைசியில் எழுதவில்லை. இப்போது தோன்றுகிறது, எழுதியிருக்கலாம்.

வகுப்பில் ஒரு தடவைகூடச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு நாலு வருஷம் முன்பு எங்கள் அப்பா இறந்தார். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த வாரமே அண்ணன் என்னையும் தங்கையையும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அழைத்துப் போனார். மதியம் ஓட்டலில் பிரியாணி, ஆளுக்கொரு பட்டுப்புடவை. நான் பி.காம் படித்தவள். ஒரு வரியும் படிக்கவில்லை.

போன வருஷம் அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கம். 'முழு மனதுடனும் பிறர் தூண்டுதல் இல்லாமலும்' என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்து, அந்த வயதில் போடுவேனே, கடைசி எழுத்தில் ஒரு சுழி இழுத்து, அப்படி.