கல் ஊன்றும் முன்பே வெள்ளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்

வெள்ளச் சேதம் என்றதும் பேச்சு வீட்டைப் பற்றித்தான் போகிறது. அஸ்திவாரம் எவ்வளவு உயரம், தரை எந்த மட்டம், மின்மீட்டர் எங்கே இருக்கிறது என்று. ஆனால் வீடு கட்ட அனுமதி கேட்டு ஒருவர் வரும்போது முக்கியமான முடிவுகள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். நிலத்தைக் கூறுபோட்டு, சாலை போட்டு, கல் ஊன்றி, ப்ளாட்டுகளை விற்றும் ஆயிற்று. வாங்கியவரின் ப்ளாட் முழுவதும் ஓடையின் பாதையில் கிடக்கிறது என்றால், "இங்கே கட்டவே கூடாது" என்று சொல்வது அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய முடியாத காரியம். விதிவிலக்கு கொடுத்துவிடுவார்கள். அதனால் ஓர் உள்ளாட்சி அமைப்பு, நிலத்தை ப்ளாட்டாகப் பிரிப்பதற்கான மனைப்பிரிவு விதிகளையும், வெள்ளம் பரவும் நிலத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் வெள்ளச் சமவெளி மண்டல விதிகளையும் மறுஆய்வுக்கு எடுத்தால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகத் திருத்தினால் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை விழுகிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஓட்டைகளைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும். "நூறாண்டு வெள்ளம்" என்ற பெயரைக் கேட்பவர்கள், போன முறை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள் வேறு: எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு. நாலில் ஒன்று. புதிய விதிகளின் வரைவில் "1 சதவீத வெள்ளம்" என்றே எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனை, பள்ளி, துணை மின்நிலையம் போன்றவற்றுக்கான இடங்களை 0.2 சதவீத வெள்ளத்தின் எல்லைக்கும் வெளியே ஒதுக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

மண்டல வரைபடத்தில் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும். வெள்ளம் வேகமாக ஓடும் நடுப்பாதை, அதாவது ஓடுபாதை, ஒன்று. அதன் இரு கரையிலும் நீர் பரவித் தேங்கும் ஓரப்பகுதி இன்னொன்று. ஓடுபாதையில் எதுவும் கூடாது, ஓரப்பகுதியில் நிபந்தனையோடு கட்டலாம் என்பதுதான் பல நாடுகளில் உள்ள ஏற்பாடு. இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில், ஓரப்பகுதி முழுவதையும் இருபுறமும் நிரப்பிவிட்டாலும் வெள்ள மட்டம் 1 அடிக்கு மேல் ஏறாதபடி ஓடுபாதையின் அகலத்தை முடிவுசெய்கிறார்கள். அதாவது அந்த 1 அடி உயர்வை வரைபடமே முன்கூட்டி அனுமதித்துவிடுகிறது. அப்புறம் கட்டட விதியில் "வெள்ள மட்டத்துக்கு மேல் 1 அடி கூடுதல் உயரம் வேண்டும்" என்று எழுதினால், ஓரப்பகுதி நிரம்பும் காலத்தில் அந்தக் கூடுதல் உயரம் முழுக்கக் கரைந்துபோயிருக்கும். எனவே வரைவைப் படிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஓடுபாதையை வரையும்போது எவ்வளவு மட்ட உயர்வை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்? இரண்டாவது: வீட்டுத் தரைக்குக் கேட்கும் கூடுதல் உயரம் அதைவிடத் தெளிவாக அதிகமா? இரண்டும் சமமாக இருந்தால் பாதுகாப்பு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

வரைபடமே இல்லாத சிற்றோடைகள் அடுத்த சிக்கல். வரைபடத்தில் நிறம் பூசவில்லை என்றால் அங்கே வெள்ளம் வராது என்று பொருளல்ல. யாரும் இன்னும் அளக்கவில்லை என்பதுதான் பொருள். அதே அமெரிக்கத் திட்டத்தில், வெள்ளப் பகுதி என்று குறித்தும் வெள்ள மட்டம் கணக்கிடப்படாத இடங்களில் 50 ப்ளாட் அல்லது 5 ஏக்கர், இதில் எது குறைவோ அதைத் தாண்டும் மனைப்பிரிவுக்கு, மனை போடுபவரே வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டுத் தர வேண்டும். இந்த வகை விதி எங்கும் பொருந்தும். அளவை மட்டும் இன்னும் கீழே இறக்கலாம். ஓடையை ஒட்டிய பத்து ப்ளாட் கூட ஓர் ஊருக்குப் போதுமான தலைவலி.

மட்டம் எடுப்பதில் நடக்கும் தவறுகள் சின்னவையாகத் தெரியும், விளைவு பெரிது. தட்டையான நிலத்தில், 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்றால், மட்டத்தில் 30 செ.மீ. பிழை வந்தாலே வெள்ள எல்லை 150 மீட்டர் நகர்ந்துவிடும். ஐந்தாறு வரிசை ப்ளாட் உள்ளே வரும் அல்லது வெளியே போகும். ஆகவே 1 மீட்டர் இடைவெளிக் கான்டூர் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) கொண்ட வரைபடத்தை இப்படிப்பட்ட நிலத்துக்கு ஏற்கவே கூடாது, 25 செ.மீ. இடைவெளி கேட்க வேண்டும். இன்னொன்று, சர்வேயர் ஒரு கல்லை 100.00 என்று தாமாக வைத்துக்கொண்டு மட்டம் எடுத்திருப்பார். வெள்ள மட்டம் கடல்மட்டத்திலிருந்து சொல்லப்பட்டிருக்கும். இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் எல்லா ப்ளாட்டும் மேட்டில் இருப்பதுபோலத் தோன்றிவிடலாம். எந்த நிரந்தர மட்டக்கல்லில் இருந்து எடுத்தது, அதன் உயரம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று வரைபடத்திலேயே எழுதாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப விதியில் ஒரு வரி இருந்தால் போதும்.

வரையறைப் பகுதியை யாரும் படிப்பதில்லை. ஓட்டைகள் அதிகம் இருப்பது அங்கேதான். "நான்கு ப்ளாட்டுக்கு மேல் பிரித்தால்தான் மனைப்பிரிவு" என்று விதி சொன்னால், பெரிய நிலத்தை முதலில் நாலாகப் பிரிப்பார்கள். பிறகு மனைவி, மகன், மைத்துனர் பெயருக்கு மாற்றி ஒவ்வொன்றையும் மறுபடி நாலாகப் பிரிப்பார்கள். சாலை இல்லை, வடிகால் இல்லை, வெள்ள ஆய்வு இல்லை. பதினாறு ப்ளாட் வந்துவிடும். இதற்கு மருந்து தெரிந்ததுதான்: விதி அமலுக்கு வரும் நாளில் நிலம் எப்படி இருந்ததோ அதைத் "தாய் நிலம்" என்று பதிவுசெய்து, அதிலிருந்து அடுத்த 10 ஆண்டுகளில் பிரியும் எல்லாத் துண்டுகளையும், உரிமையாளர் யாராக இருந்தாலும், ஒன்றாகக் கூட்டி எண்ண வேண்டும். குடும்பப் பாகப்பிரிவினைக்கு விலக்கு கொடுத்தாலும் வெள்ளப் பகுதி விதிகளுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது என்று எழுத வேண்டும். எல்லைத் திருத்தம் என்ற பெயரில் மேட்டுநிலத்தைப் பக்கத்து ப்ளாட்டோடு சேர்த்துவிட்டு, பள்ளத்தை மட்டும் தனி ப்ளாட்டாக விட்டுவைப்பதும் நடக்கிறது. ஒவ்வொரு ப்ளாட்டிலும் வெள்ள எல்லைக்கு வெளியே வீடும் கழிவுநீர்த் தொட்டியும் கொள்ளும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை எல்லைத் திருத்தத்துக்கும் நீட்டினால் அது நின்றுவிடும்.

அந்த நிபந்தனை உண்மையில் முழு விதியின் முதுகெலும்பு. "ப்ளாட்டில் பாதியாவது மேட்டில்" என்று சதவீதத்தில் எழுதுவதைவிட, கட்டக்கூடிய இடத்தைச் சதுர மீட்டரில் வரைபடத்தில் குறித்துக் காட்டச் சொல்வது மேல். சதவீதம் சரியாக இருந்தும் அந்த மேடு ஒரு மூலையில் நீளவாக்கில் 3 மீட்டர் அகலத்தில் கிடந்தால் என்ன பயன்?

ப்ளாட்டின் எல்லையை ஓடையின் நடுக்கோடு வரை கொண்டுபோவதை விதி தடுக்க வேண்டும். அப்படி விட்டால் ஒவ்வொருவரும் தம் எல்லை வரை மதில் எழுப்புவார்கள், ஓடையை ஒட்டி மண்ணைக் கொட்டுவார்கள். குறுக்கே எழும் ஒரு கெட்டி மதில், வெள்ளத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு அணை. குப்பை சேர்ந்து நீர் ஏறி, ஒருகட்டத்தில் உடைந்து, கீழே இருப்பவர் வீட்டுக்குள் அலையாகப் பாயும். ஓடையும் அதன் கரையும் தனிப் பொது நிலமாக இருக்க வேண்டும். ஓரப்பகுதியில் மதிலுக்குப் பதில் கம்பிவேலியோ, அடியில் திறப்பு விட்ட சுவரோதான் அனுமதி. அந்தப் பொது நிலத்தை யார் பராமரிப்பது, இயந்திரம் இறங்கித் தூர்வார வழி எங்கே என்பதையும் ஒப்புதலுக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.

சாலையை மறந்துவிடுகிறார்கள். எல்லா ப்ளாட்டும் மேட்டில் இருக்கும், உள்ளே போகும் ஒரே சாலை பள்ளத்தில் இறங்கி ஏறும். வெள்ளத்தில் அந்த இடம் தீவாகிவிடும். ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்களில் சிறிய கார்களுக்கு நிற்கும் நீரில் 30 செ.மீ. எல்லை; ஓடும் நீரில் மீட்டர் கணக்கில் ஆழத்தையும், வினாடிக்கு மீட்டர் கணக்கில் வேகத்தையும் பெருக்கினால் 0.3-ஐத் தாண்டக்கூடாது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் 15 செ.மீ. ஆழமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஒரு சாலையாவது இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று விதி எண்ணோடு சொல்ல வேண்டும். "போதுமான அணுகுவழி" என்று எழுதினால் அது எதையும் கட்டுப்படுத்தாது. அதற்காகச் சாலையை உயர்த்தினால் சாலையே அணையாகிவிடும் ஆபத்தும் உண்டு. அடியில் நீர் கடக்கப் போடும் கல்வெர்ட், அதாவது சிறுபாலம், பாதி அடைத்துக்கொண்டது என்று வைத்துக் கணக்கிட வேண்டும். நிரம்பி வழிந்தால் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் வரைந்து காட்ட வேண்டும்.

மண் கொட்டி மேடாக்குவதுதான் எல்லோருக்கும் பிடித்த தீர்வு. 200 சதுர மீட்டர் ப்ளாட் இருபதை வெள்ள மட்டத்துக்குக் கீழே 1 மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 4,000 கன மீட்டர், அதாவது 40 லட்சம் லிட்டர் நீர் நின்ற இடம் போய்விடுகிறது. அந்த நீர் பக்கத்து நிலத்துக்குத்தான் போகும். ஈடாக வேறிடத்தில் தோண்டச் சொல்லும் விதிகள் இருக்கின்றன. ஆனால் அளவு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி வெள்ளத்துக்கு முன்பே நிரம்பியிருக்கும். அது ஒரு சொட்டு வெள்ளத்தையும் வாங்காது. எந்த மட்டத்தில் நிரப்பினார்களோ அதே மட்டத்தில் தோண்ட வேண்டும், அந்தக் குழிக்கு வெள்ளம் தடையில்லாமல் வந்துபோக வழியும் இருக்க வேண்டும். "இந்த ஒரு மனையால் மட்டம் 1 செ.மீ.கூட ஏறாது" என்று ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு சான்றிதழ் வரும். தனித்தனியாக ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட ஒரு பதிவேடு அலுவலகத்தில் இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழ்களுக்குப் பயனில்லை.

மழைநீர்க் கணக்கும் அப்படித்தான். 5 ஹெக்டேர் வயலில் மணிக்கு 60 மி.மீ. மழை, வழிந்தோடும் பங்கு 0.3 என்றால் உச்ச ஓட்டம் வினாடிக்கு 0.25 கன மீட்டர். அதே நிலம் கூரையும் தாருமாகி அந்தப் பங்கு 0.7 ஆனால் 0.58. நீர் வேகமாகச் சேர்வதால் கணக்கில் எடுக்க வேண்டிய மழை தீவிரமும் கூடும், ஆகவே உண்மை இதைவிட மோசம். தேக்கக் குளம் கட்டி, பழைய அளவிலேயே வெளியே விட வேண்டும் என்பது வழக்கமான விதி. ஆனால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மனைப்பிரிவில் அது தலைகீழாகவும் போகலாம்: மேலிருந்து ஆற்றின் உச்ச வெள்ளம் வந்துசேரும் நேரம் பார்த்து, தேக்கிவைத்த நீரையும் திறந்துவிட்டதுபோல் ஆகும். ஆற்றுப் படுகை முழுவதுக்கும் நேரக் கணக்கு போட்டுத்தான் எங்கே தேக்குவது, எங்கே முன்கூட்டியே வெளியேற்றுவது என்று விதி சொல்ல வேண்டும்.

நில உரிமையாளருக்கு இழப்புதானே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை விதியிலேயே இருக்க வேண்டும்: முழு நிலத்துக்கும் கணக்குப்படி 40 ப்ளாட் கிடைக்கும் என்றால், அதே எண்ணிக்கையை மேட்டுப் பகுதியில் சிறிய ப்ளாட்டாகப் போட அனுமதித்து, பள்ளத்தைப் பொது வெளியாக விடச் சொல்லலாம். சாலை நீளமும் குழாய் நீளமும் குறைவதால் மனை போடுபவருக்கும் செலவு மிச்சம். இந்த வழியைத் திறக்காமல் தடையை மட்டும் எழுதும் உள்ளாட்சி நீதிமன்றத்தில் நிற்க நேரிடும்.

வரைவைச் சோதிக்க என்னைக் கேட்டால் ஒரே வழிதான்: ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த மூன்று பழைய லேஅவுட்களை எடுத்து, அவை இன்று வந்தால் புதிய விதிப்படி என்ன ஆகும் என்று வரிவரியாக ஓட்டிப் பார்ப்பது. அதில் ஒன்றாவது வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்கட்டும். புதிய விதியிலும் அதற்கு ஒப்புதல் கிடைக்கிறது என்றால் எந்தப் பிரிவு கோட்டை விட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கும்போதும் "இது போதாது" என்று மட்டும் எழுதாமல், பிரிவு எண்ணைச் சொல்லி, மாற்று வாசகத்தையும் எழுதிக் கொடுங்கள். அப்படிப்பட்ட ஆட்சேபணையை ஒதுக்குவது கடினம்.

அமலாக்கத்தில் இரண்டு பூட்டுகள் வேண்டும். சாலை, வடிகால், நிரப்பிய மண் எல்லாம் முடிந்தபின் மறுபடி மட்டம் எடுத்து, ஒப்புதல் வரைபடத்தோடு ஒத்துப்போனால்தான் ப்ளாட் விற்பனைக்கு அனுமதி. அதுவரை மனை போடுபவர் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பித் தரக்கூடாது. மற்றது, பழைய விதிப்படி வாங்கிய ஒப்புதலுக்குக் காலாவதி. புதிய விதி வரப்போகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பங்கள் குவியும். முழுமையான ஆவணங்களோடு வந்தவற்றை மட்டும் பழைய விதியில் ஏற்று, இரண்டு ஆண்டில் வேலை தொடங்காவிட்டால் ரத்து என்று எழுத வேண்டும். தேதி போடாமல் விட்டால் அடுத்த இருபது ஆண்டுக்கும் பழைய விதிதான் நிலத்தில் ஓடும்.

ஒவ்வொரு ப்ளாட்டின் வெள்ள மட்டமும், குறைந்தபட்சத் தரை மட்டமும், கட்டக்கூடாத பகுதியும் பத்திரத்தோடு சேரும் வரைபடத்தில் எண்ணாகவே பதிவாக வேண்டும். மூன்றாவது முறை கைமாறும்போது வாங்குபவர் அலுவலகக் கோப்பைத் தேடிப் போகமாட்டார். அவர் கையில் இருப்பது பத்திரம் மட்டும்தான்.