காரைக்கால் பயணமும் டீசல் கணக்கும்

திருநள்ளாறு, காரைக்கால், தரங்கம்பாடி என்று குடும்பத்தோடு சுற்றிவரச் சென்னையில் ஒரு டெம்போ டிராவலர் பிடித்தோம். 2024 டிசம்பர். கிலோமீட்டருக்கு 22 ரூபாய். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டியும் டிரைவர் டீசல் போடுவதாக இல்லை. முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, நடுவழியில நின்னுடப் போகுது."

"பாண்டி வந்துடும் தம்பி, சும்மா வாங்க."

புதுச்சேரி எல்லைக்குள் வந்த முதல் பங்க்கில் வண்டியை விட்டார். முன்னால் நின்ற கார்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பதிவெண்கள்தான். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வராததால் வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அப்போது சென்னையைவிட இங்கே டீசல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் குறைவாக இருந்தது. காரைக்காலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான் என்பதால் திரும்பும்போதும் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

போக வர, சுற்ற எல்லாம் சேர்த்து 650 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்குப் பத்து கொடுத்தால் 65 லிட்டர். மிச்சம் எப்படியும் 450 ரூபாய்க்கு மேல். அது வண்டிக்காரருக்கு. நமக்கு அதே 22 ரூபாய்தான்.

அந்த 22 வந்த கதைதான் வேடிக்கை. முன்பு இதே மாதிரி வண்டிக்கு 18 ரூபாய் கொடுத்திருக்கிறோம். 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் நூறைத் தாண்டியபோது ஏற்றினார்கள். அந்த வருடத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் லிட்டருக்குச் சுமார் இருபது ரூபாய் ஏற்றம். பத்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு அது கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். வாடகையோ நான்கு ரூபாய் ஏறியது. சரி, டயர், இன்சூரன்ஸ் என்று அவர்களுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு மத்திய அரசு டீசல் கலால் வரியை 2021 நவம்பரில் 10 ரூபாய், 2022 மே மாதம் 6 ரூபாய் குறைத்தது. 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்களும் 2 ரூபாய் குறைத்தன. வாடகை மட்டும் அசையவில்லை. கேட்டால், "எல்லாரும் இதே ரேட்தான் சார்."

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் மீன் வறுவல் கேட்டோம். விலை கேட்டு என் மனைவி முகம் சுளித்ததைப் பார்த்த கடைக்கார அம்மா, "போட்டுக்கு டீசல் போடாம கடலுக்குப் போக முடியுமா கண்ணு?" என்றார். அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

இந்த வழியில் டீசல் விலையைக் கண்டுகொள்ளாதது அரசுப் பேருந்து மட்டும்தான். 2018 ஜனவரியில் ஏற்றிய கட்டணம், நாங்கள் போன அன்றும் அதேதான். அப்போது டீசல் 70 ரூபாய்க்குள் இருந்தது. அந்த நஷ்டம் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் ஏறுகிறது, அது வேறு கதை. பத்து பன்னிரண்டு பேர் என்றால் வேன் கட்டுப்படியாகும். நாலு பேர் என்றால் மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்து. காலையில் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்கும்.