ஓலை விசிறியும் டார்ச்சும்

பாம்பனில் புயல் கூண்டு ஏறினால், "எத்தனையாம் நம்பர்?" என்பதுதான் கரையில் முதல் கேள்வி. 1 முதல் 11 வரையுள்ள எண்களில் மற்றவை வானிலையைச் சொல்லும். 11 மட்டும், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனதைச் சொல்லும். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அதற்கான சைகைகள். ஒயர்லெஸ் செட் நனைந்துவிட்டால் படகிலும் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும் சைகைதான். அதைப் பழகாமல் கடலுக்குப் போவது சரியல்ல.

எழுத்துகளைக் குறுகிய, நீண்ட வெளிச்சங்களாக, அதாவது புள்ளியும் கோடுமாக, அனுப்பும் முறை மோர்ஸ். அதில் புள்ளி ஓர் அளவு நேரம் என்றால் கோடு மூன்று அளவு. எழுத்துக்குள் இருட்டு ஓர் அளவு, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. புதிதாகப் பழகுகிறவர்கள் வெளிச்சத்தை எண்ணுவார்கள், இருட்டை எண்ண மாட்டார்கள். பெரும்பாலான பிழை அங்கேதான் பிறக்கிறது. விளக்குச் சைகைக்குச் சர்வதேச வேகம் நிமிடத்துக்கு 40 எழுத்து. அதாவது ஒரு புள்ளிக்குச் சுமார் 0.15 விநாடி. கை டார்ச்சில் அதில் பாதி வேகமே போதும்.

இப்போது கடையில் கிடைக்கும் எல்இடி டார்ச்சுகள் பலவற்றில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முழு வெளிச்சம், அடுத்த அழுத்தலில் மங்கல், அதற்கடுத்து தானாக மினுக்கும். அந்தப் பொத்தானை வைத்து மோர்ஸ் அனுப்ப முடியாது. விளக்கை எரியவிட்டு, முகப்பை மறைத்து மறைத்துத் திறக்க வேண்டும். உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் ஒளி கசியும். நெருக்கமாக முடைந்த பனையோலை விசிறியோ தடித்த அட்டையோ நன்றாக மறைக்கும்.

தென்கடலில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் படகு உருள உருள ஒளிக்கற்றை எதிரில் இருப்பவரின் கண்ணைவிட்டு விலகும். கோடு நடுவில் முறிந்து இரண்டு புள்ளியாகிவிடும். இது சின்ன விஷயமல்ல. கப்பல்களின் சர்வதேசக் குறியீட்டில் தனி எழுத்தே ஒரு முழுச் செய்தி. புள்ளி, புள்ளி, கோடு என்பது 'யு': "நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்." அதன் கோடு முறிந்தால் நான்கு புள்ளி, அதாவது 'எச்': "என் கப்பலில் பைலட் (துறைமுக வழிகாட்டி) இருக்கிறார்." பாறையை நோக்கி வரும் படகுக்கு இதனால் என்ன பயன்? முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றி, படகு நிமிரும் நேரம் பார்த்து எழுத்தைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் இருப்பவர் ஒரு கோடு காட்டுவார், அது 'டி'. அது வராதவரை அடுத்த சொல்லுக்குப் போகவே கூடாது.

கொடிக்கு வருவோம். இரு கைகளிலும் கொடி பிடித்து, கைகளின் நிலையால் எழுத்தைக் காட்டுவது செமஃபோர். கடலில் அதற்கான கொடி சிவப்பும் மஞ்சளும் மூலைவாக்கில் சேர்ந்தது. தனுஷ்கோடி மணல் பின்னால் இருந்தால் மஞ்சள் கரைந்துபோகும். பொழுது சாயும் நேரம் பனங்காட்டின் முன்னால் சிவப்பு கறுத்துவிடும். இரண்டும் இருந்தால் ஒன்றாவது மிஞ்சும். காலையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்காதீர்கள், பார்ப்பவருக்குக் கண் கூசும். கையின் நிலைகளுக்கு இடையே 45 பாகைதான் வித்தியாசம். முழங்கை மடங்கினால் வேறு எழுத்தாகிவிடும். ஆள்காட்டி விரலைக் குச்சியின்மேல் நீட்டிப் பிடித்தால் கையும் குச்சியும் ஒரே கோட்டில் நிற்கும்.

செமஃபோர் தெரியாதவர் மோர்ஸையே கையால் காட்டலாம். இரு கைகளையும் மேலே தூக்கினால் புள்ளி, தோள்மட்டத்தில் விரித்தால் கோடு. இரண்டுக்கும் நடுவே கைகள் மார்புக்கு வர வேண்டும். எழுத்து முடிந்ததும் 45 பாகையில் கீழ்நோக்கிச் சாய வேண்டும். கொடி இல்லாமலே இது நடக்கும்.

எழுத்தே தெரியாதவருக்கும் ஒரு சைகை உண்டு: இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக, திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவது. சர்வதேச விதியில் அது ஆபத்துச் சைகை. பதற்றத்தில் துண்டை வேகமாக ஆட்டினால், பக்கத்துப் படகுக்காரர் ஏதோ கூப்பிடுவதாக நினைத்துக் கையசைத்துவிட்டுப் போய்விடுவார். தண்டவாளத்தில் இதற்கு நேர்மாறு: இரவில் சிவப்பு விளக்கு இல்லையென்றால் வெள்ளை விளக்கை உடம்புக்குக் குறுக்காக வேகமாக ஆட்டினால்தான் "நில்" என்று பொருள். பாலத்தில் ரயிலும் அதன் அடியில் படகும் போகிற பாம்பனில் இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.