வாடை வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

விமான கேபினில் வழக்கமில்லாத வாடை அடித்தால், அது என்ன வாடை என்று யோசிப்பதற்கு முன்பே கேபின் பணியாளர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். "இப்போ இல்லையே" என்று தோன்றுவதை நம்பக் கூடாது. கேபினின் மறுகோடியில் வேலை செய்துகொண்டிருந்தவரை அழைத்து முகரச் சொல்வதுதான் சரியான சோதனை.

போயிங் 787 போன்ற சில தவிர, பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபின் காற்று இன்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்தும், தரையில் ஏபியு என்ற சிறிய துணை இன்ஜினிலிருந்தும் வருகிறது. அங்கே சீல் கசிந்தால் சூடான ஆயில் காற்றோடு கலந்து, அழுக்கு சாக்ஸ் வாடையாக உள்ளே வரும். யாரோ ஷூவைக் கழற்றியிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். ஷூ வாடை இரண்டு மூன்று வரிசைகளோடு நின்றுவிடும். காற்றுக்குழாய் வழியே வருவது ஒரே நேரத்தில் பல வரிசைகளில் அடிக்கும். டேக் ஆஃபின்போதும் இறங்கத் தொடங்கும்போதும் இன்ஜின் விசை மாறுவதால் அப்போது வந்து, பிறகு மறையும். மறைந்தாலும் காக்பிட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கேபின் காற்றைச் சுத்தப்படுத்தும் ஹெப்பா வடிகட்டி துகள்களைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. மேலிருந்து விழும் பயணிகள் மாஸ்க்கும் கேபின் காற்றைக் கலந்தே தருவதால் இதற்கு உதவாது. பலருக்குக் கண் எரிச்சலோ தலைசுற்றலோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விமானிகள் 100% ஆக்சிஜன் மாஸ்க் போடுவதா என்று முடிவெடுக்க அது வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே வரும் வாடைகளும் உண்டு. பனி நீக்கும் திரவம் இனிப்பாக மணக்கும். முன்னால் நிற்கும் விமானத்தின் புகை சீக்கிரம் கலைந்துவிடும்.

மீன் கவிச்சியோ, பிளாஸ்டிக் கருகும் நெடியோ வந்தால் மின்சாரக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். பேனல்களைப் புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள். கழிவறைக் குப்பைத்தொட்டி, இருக்கை இடுக்கில் சிக்கிய போன், மேலே பை வைக்கும் அறையில் உள்ள பவர் பேங்க் எல்லாவற்றையும் தேட வேண்டும். ஓவனில் புகை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமல் விடுங்கள். திறந்தால் தீக்குக் காற்று கிடைத்துவிடும்.

1998 செப்டம்பர் 2 இரவு, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற ஸ்விஸ்ஏர் 111-இன் காக்பிட்டில் விசித்திரமான வாடை அடித்தது. அழைக்கப்பட்ட பணிப்பெண்ணுக்கு அங்கே அது தெரிந்தது. தான் வேலை செய்த கேபினில் இல்லை என்றார். ஏர் கண்டிஷனிங்கிலிருந்து வருகிறது என்றே விமானிகள் முதலில் கருதினார்கள். உண்மையில் கூரைக்கு மேலே இன்சுலேஷன் உறை எரிந்துகொண்டிருந்தது. முதல் வாடையிலிருந்து சுமார் 21 நிமிடத்தில் விமானம் கனடா அருகே கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தார்கள். அவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த தகவலுக்கு அந்த அனுமானம் பொருந்தியது, அவ்வளவுதான். அதனால்தான், மூலம் பிடிபடாத வாடை என்றால் தேடும்போதே தரையிறங்கவும் தயாராக வேண்டும் என்று கனடா விசாரணை வாரியம் வற்புறுத்தியது.

தரையிறங்கியபின், விமானக் கோளாறுகளைப் பதியும் டெக் லாக்கில் "மோசமான வாடை" என்று மட்டும் எழுதினால் பொறியாளருக்குத் தேட வழியில்லை. "இறங்கத் தொடங்கிய 2 நிமிடத்தில், வரிசை 4 முதல் 12 வரை, அழுக்கு சாக்ஸ் வாடை, 5 நிமிடம், புகை இல்லை" என்று எழுதுங்கள். இன்ஜின், ஏபியு, பேக் (ஏர் கண்டிஷனிங் அலகு) என ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டிப் பார்த்து எதிலிருந்து வருகிறது என்று அவர் பிரித்தெடுக்க முடியும்.