மெடிக்கல் முதலில், ஃபீஸ் பிறகு

விமானி ஆக நினைப்பவர்கள் பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். கண்ணாடி போடுவது தடையில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி, கண்ணாடியோடு பார்த்தாலும் ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும். நிறக்குறைபாடுதான் சிக்கல். பிறவியிலேயே இருக்கும், சோதிக்கும் வரை பலருக்குத் தெரியவே தெரியாது.

எழுத்துத் தேர்வுகளில் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டியது நேவிகேஷனுக்கு. கேள்வி வங்கியை உருப்போட்டு ஒப்பேற்றலாம் என்று இறங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். எண்ணை மாற்றிக் கேட்டால் தீர்ந்தது. ‘அறுபதுக்கு ஒன்று’ விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 நாட்டிக்கல் மைலில் 1 மைல் விலகினால் பிழை 1 டிகிரி. 100 மைல் பயணம். 40 மைல் போனதும் பாதைக்கு வலப்புறம் 2 மைல் தள்ளி இருக்கிறீர்கள். 2-ஐ 60-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 3 டிகிரி. உடனே இடப்புறம் 3 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு மட்டும் திருப்பினால் பழைய பாதைக்கு இணையாகப் பறந்துகொண்டே இருப்பீர்கள், இலக்குக்கு 2 மைல் தள்ளி. மீதி 60 மைலுக்குள் அந்த 2 மைலை ஈடுகட்ட இன்னொரு 2 டிகிரி வேண்டும். விடை 5. (கேள்வி எழுதுபவருக்கு இந்தப் பிழை நன்றாகத் தெரியும், 3-ஐயும் விடைகளில் வைத்திருப்பார்.)

வானிலைப் பாடத்தில் இதே மாதிரி ஒரு பொறி: மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கையில் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்து, கட்டுப்பாட்டு டவர் சொல்லும் காற்று காந்த வடக்கை வைத்து. ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கையே சார்ந்தது. மெட்டார் காற்றை மாற்றாமல் பக்கக்காற்று கணக்கிட்டால் விடை தவறும். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில், கியூஎன்எச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அவ்விடத்துக் காற்றழுத்தம்) 998 இருக்கும் இடத்தில் பொது அளவான 1013 வைத்துப் பறந்தால் வித்தியாசம் 15 ஹெக்டோபாஸ்கல். ஒன்றுக்குச் சுமார் 27 அடி. முள் காட்டுவதைவிட 400 அடி தாழ்வாக இருப்பீர்கள்.

ரேடியோவுக்கு ஆங்கிலத்தில் ஐகாவோ அளவுகோலின்படி குறைந்தது 4-ஆம் நிலை தேவை. டவர் சொல்லும் ஓடுபாதை, கியூஎன்எச், உயரம், திசை எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ராஜர்’ (கேட்டுக்கொண்டேன்) மட்டும் போதாது.

பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். பக்கக் கூட்டலைப் பென்சிலில் போட்டுச் சரிபார்த்த பிறகே பேனா. 20-ஆம் பக்கத்தில் 0.3 மணி தவறினால், அதற்கடுத்த பக்கங்கள் எல்லாவற்றின் மொத்தத்தையும் அடித்துத் திருத்த வேண்டிவரும்.