டாலண்ட் ஹவுஸ்: ஒரு வாடகை வீட்டின் வம்சாவளி

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், செயின்ட் ஐவ்ஸ் ஊரில் இருக்கிறது டாலண்ட் ஹவுஸ். இன்று விடுமுறைக்கு வருபவர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கும் இடம். ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃப் சிறுவயதுக் கோடைகளைக் கழித்த வீடு. அந்த வீட்டின் குடும்ப வரலாற்றை ஒரே சார்ட் தாளில் கொண்டுவருவதுதான் இப்போது என் மாலை நேர வேலை.

வம்சாவளி மரமாகப் போட்டால் தலை சுற்றும். வர்ஜீனியாவின் அப்பா லெஸ்லி ஸ்டீபன், அம்மா ஜூலியா, இருவருக்கும் இது இரண்டாம் திருமணம். ஜூலியாவின் முதல் கணவர் வழியில் மூன்று பிள்ளைகள், லெஸ்லியின் முதல் மனைவி வழியில் ஒரு பெண், அப்புறம் இவர்களுக்கென்று நால்வர். இத்தனை கோடு இழுத்தும் வீடு எங்கேயும் வராது. அவர்கள் அதன் சொந்தக்காரர்களே இல்லையே. ரயில்வே கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்தவர்கள்.

அதனால் மேலே வருடங்களை எழுதினேன். 1882 முதல் 1894 வரை பதின்மூன்று கோடைகள், கோடைக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு வரி. இப்படிப் போட்டதும் வீடு பேச ஆரம்பித்தது. முதல் கட்டத்தில் வர்ஜீனியா கைக்குழந்தை. 1892 கட்டம்தான் எனக்குப் பிடித்தது. பிள்ளைகள் நடத்திய வீட்டுப் பத்திரிகையில் அந்த செப்டம்பரில் ஒரு செய்தி: காட்ரெவி கலங்கரை விளக்கத்துக்குப் படகில் போனார்கள், கடைக்குட்டி ஏட்ரியனை அனுப்பவில்லை, பையனுக்கு ஒரே ஏமாற்றம். அக்கா வர்ஜீனியா 1927-இல் வெளியிட்ட ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவல், அப்படி ஏங்கும் ஒரு பையனோடுதான் தொடங்குகிறது.

ஓரத்தில் நம் பக்கத்துத் தொடர்பையும் குறித்தேன். ஜூலியா பிறந்தது கல்கத்தாவில், 1846-இல். நம் வக்கீல்கள் 2024 வரை புரட்டிய 1872-ஆம் வருட இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் லெஸ்லியின் அண்ணன்.

1895 மே மாதம் ஜூலியா இறந்தார், குத்தகையும் போயிற்று. ஆனாலும் 1905-க்கு ஒரு கட்டம் சேர்த்தேன். அந்த ஆகஸ்டில் நான்கு பிள்ளைகளும் பக்கத்தில் வந்து தங்கி, இரவில் வேலியோரம் நின்று பழைய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதை விட்டால் வரலாறு குறைபட்டுவிடும்.

அடுத்து விருந்தாளிகள். லெஸ்லியின் போட்டோ ஆல்பத்தை அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி இணையத்தில் வைத்திருக்கிறது. படம் படமாகப் பார்த்துப் பெயர் சேர்க்க வேண்டும். சமையல்கார அம்மா சோஃபி ஃபாரலுக்கும் தனி வரி உண்டு, அதுவும் விருந்தாளிகளுக்கு மேலே, குடும்பத்தோடு சேர்த்து.